நரம்புச்சிலந்தி

மச்சானுக்கு,

"கால் மோசம், உடனே வாங்க" என்று நான் எழுதிய கடிதம் கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்திருக்கும். உங்கள் சிநேகிதர் விருமாண்டி அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி எழுதச் சொன்னார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. தயிர்க்கார முத்துத்தாய் கூடையில் வருகிறது.

என் காலில் வந்தது நரம்புச்சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீரில் வந்ததாம். வெளியே நீட்டிய புழுவைக் குச்சியில் சுற்றிவிட்டு வைத்தியர் சொன்னார்: "வருசம் பூரா உள்ளயே இருந்திருக்கு தாயி. உடம்பு அதைத் தன் சதைன்னே நெனச்சுக்கிருச்சு. ஒரு காய்ச்சல்கூட வரல பாரு. தெனம் கொஞ்சமாச் சுத்து. வெடுக்குன்னு இழுத்து அறுந்துச்சுன்னா, அம்புட்டு வெசமும் உள்ள எறங்கிரும்."

விருமாண்டி அண்ணன் உங்களைப் போலவே கதர் கட்டுகிறார். நம் வீட்டு நாய்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதில்லை. அவர் சாப்பிட்டுப் போன வீடுகளுக்கெல்லாம் பின்னாலேயே போலீஸ் வருகிறது. நம் வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. நேற்றும், "மாப்ள எங்க இருக்காப்ல, சொல்லு தங்கச்சி" என்று கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

நீங்களும் கோபப்பட்டு எதையும் வெடுக்கென்று செய்துவிடாதீர்கள்.

நான் செத்துவிட்டேன் என்று அவரே வந்து அழுதாலும், வராதீர்கள்.

இப்படிக்கு,
கால் ஆறிவரும் உங்கள் வீட்டுக்காரி