இருட்டா, சர்க்கரையா, ரஸியாக்கா?

என் ரஸியாக்காவுக்கு,

இன்று காலை பல்லடம் பேருந்தில் கண்ணயர்ந்துவிட்டேன். பக்கத்தில் ஜன்னலோரமாக நீ உட்கார்ந்திருந்தாய். பனியன் கம்பெனி வாசல்களில் பறக்கிற பஞ்சுத் துகள் ஒன்று உன் முக்காட்டில் ஒட்டியிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன். "எறங்கலீங்களா?" என்றார் நடத்துனர். விழித்தால் கல்லூரி நிறுத்தம். உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

வட்டம் வந்துவிட்டது, அக்கா.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

உன் அண்ணனுடைய கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்து, பனியன் வெட்டுத்துணி மூட்டைகள் ஊறிப்போன வருடம் அது. எல்லோரும் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, நீ ஒரு மூட்டையின் அருகே குந்தி, சாம்பல் பச்சையாகப் பூத்திருந்த பூஞ்சையைச் சுரண்டிக் குப்பியில் எடுத்து வந்தாய். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், பாக்டீரியா பரப்பிய தட்டின் நடுவே அதை வைத்தோம். தட்டெங்கும் பாக்டீரியா வளர்ந்தது. பூஞ்சையைச் சுற்றி மட்டும் எதுவும் வளராத தெளிவான வட்டம். ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக்கைச் சுரக்கிறது என்று அர்த்தம். நீ வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தனியாகச் சிரித்தாய். பூஞ்சைக்கு 'நம்ம ஆளு' என்று பெயர் வைத்ததும் நீதான்.

பிறகு நம்ம ஆளு நிறுத்திக்கொண்டான். தட்டு மாற்றி வளர்க்க வளர்க்கக் கொழுகொழுவென்று படர்ந்தான். வட்டம் மட்டும் இல்லை.

"அந்த ஜீனே போயிட்டு போலக்கா" என்றேன்.

"போகல கண்ணு. மூடிக் கெடக்குது" என்றாய்.

அங்கே தொடங்கியது நம் சண்டை. பூஞ்சை எந்நேரமும் ஆன்டிபயாட்டிக் செய்துகொண்டிருப்பதில்லை. அதற்கான ஜீன்கள் பக்கத்தில் பக்கத்தில் கூட்டமாக இருக்கும். வேண்டும்போது திறக்கும், வேண்டாதபோது மூடிக்கொள்ளும். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் ஒரு புரதம் வந்து அவற்றைத் தடுத்துவிடும் என்பது என் கட்சி. "வயிறு நெறஞ்சு கெடக்குக்கா, அதான் வேல பாக்க மாட்டேங்கு" என்பேன். வெளிச்சம்தான் காரணம் என்பது உன் கட்சி. இருட்டில் வேறொரு புரதம் உயிரணுவின் உட்கருவுக்குள் நுழையும். அங்கே துணைப் புரதங்களோடு சேர்ந்து, இறுகச் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏவைத் தளர்த்தி, அந்த ஜீன்களைத் திறந்துவிடும். வெளிச்சம் பட்டால் அது பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். வேறு பூஞ்சைகளில் இரண்டுமே உண்டு. நம்ம ஆளிடம் எது?

சண்டை முற்றினால் நான் 'நீ' என்று கூப்பிடுவதைப் பிடித்துக்கொள்வாய். "எங்கூருல பொறந்த கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்லுவோம். உங்க திருநெல்வேலில அக்காவையே 'நீ'ங்கறீங்க!" என்பாய். அப்படிச் சொன்னவளே, ஒருநாள் நான் மறந்துபோய் 'நீங்க' என்றுவிட்டதற்குக் கோபித்துக்கொண்டாய்.

சோதனையைப் பிரித்துச் செய்து பார்ப்பதற்குள் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கோயம்புத்தூரில் மருந்து ஏற்றினார்கள். நோய் தணிந்தது. ஆனால் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருந்த நேரத்தில் நுரையீரலில் கிருமி புகுந்தது. கொடுத்த ஆன்டிபயாட்டிக் எதற்கும் அது அசையவில்லை. எந்த மருந்து எதனால் தோற்கிறது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அது தெரிந்தவர்களாக எதிரெதிரே இருந்தது எவ்வளவு கொடுமை!

ஆனால் கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, நீ வாய்க்கவசத்துக்குள்ளிருந்து கேட்டது அந்த மருந்துகளைப் பற்றியல்ல.

"நம்ம ஆளு என்ன பண்றான்? இருட்டுல வெச்சுப் பாத்தியா?"

"மொதல்ல சர்க்கரைய மாத்துதேன்."

"அழுத்தக்காரி" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலானது. செவிலியர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். நாம் பேசிய கடைசிப் பேச்சு அவ்வளவுதான்.

நீ போன பிறகு உறைபெட்டியில் அந்தக் குப்பி இருந்த அடுக்கை நான் திறக்கவேயில்லை. போன மாதம் துறைத்தலைவர் வந்து, "இடம் பத்தலீங்க. எதுவும் சுரக்காத பூஞ்சையெல்லாம் எடுத்துரலாமுங்களா?" என்று கேட்டார். "ஒரே ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, "பாருங்க, அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு விதமாக வளர்த்தேன். குளுக்கோஸ் போட்டு வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று. குளுக்கோஸுக்குப் பதில் பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் போட்டு வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று. ஒவ்வொன்றின் சாற்றையும் பாக்டீரியாத் தட்டில் வைத்தேன்.

குளுக்கோஸ் போட்ட இரண்டிலும் ஒன்றுமில்லை. இருட்டு மட்டும் போதவில்லை, பார்த்தாயா? லாக்டோஸ் போட்டு வெளிச்சத்தில் வைத்ததில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மங்கல். லாக்டோஸும் இருட்டும் சேர்ந்த தட்டில்தான், அக்கா, அகலமான தெளிந்த வட்டம். மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் வந்தது. மூடித்தான் கிடந்திருக்கிறது. அதில் நீ சொன்னதே சரி. ஆனால் திறந்தது யாருடைய சாவி?

கேட்க ஆளில்லாமல் அந்த மத்தியானம் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கம்பெனி வேன்கள் மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்தன. நீ கதவைத் திறந்து வந்திருந்தால் எனக்கு வியப்பாகவே இருந்திருக்காது.

உன் அம்மாவுக்குச் சொன்னேன். மறுநாளே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தட்டைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது அப்பவே கெடச்சிருந்தா எம் புள்ள இருந்திருப்பாளா கண்ணு?"

ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தோன்றியது. நீ இருந்தால் சொல்ல விட்டிருப்பாயா?

"இல்லம்மா. இது என்ன பொருள்னே இன்னும் தெரியாது. பழைய மருந்தாகூட இருக்கலாம். புதுசாவே இருந்தாலும் மருந்தாக ரொம்ப வருசம் ஆகும். ஆகாமலும் போகும்."

அவர் தலையாட்டினார். தட்டைத் திருப்பித் தரவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அந்த வட்டத்தின் வழியாக வெளியே பார்த்தார்.

"இத்தனூண்டு. இதுக்குத்தான் ஊட்டுக்கு வந்து அந்தக் குதி குதிச்சாளா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு இருவரும் அழுதோம்.

இனிச் செய்யப்போவதைச் சொல்கிறேன். இருட்டில் உட்கருவுக்குள் போகும் உன் புரதத்துக்கான ஜீனை மட்டும் நம்ம ஆளிடமிருந்து நீக்கி வளர்க்கப் போகிறேன். அதன் பிறகு லாக்டோஸிலும் இருட்டிலும் வட்டம் வராவிட்டால் உன் கட்சிக்குப் பலம். அப்போதும் வந்தால் என் கட்சிக்கு. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு அங்குலம்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது நீ இல்லை என்பதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீ தோற்றால் தோற்றாய் என்று சொல்வேன். ஜெயித்தால், உன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, 'உங்க மக சொன்னதுதாம்மா சரி' என்று சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம்.

உன்னை 'நீ' என்றே கூப்பிடும்
உன் அழுத்தக்காரத் தங்கச்சி,
கலா