ஏழு மிஞ்சும்வரை பகா எண்

இன்று காலை நம் மகள் வெள்ளைப் பலகையில் எழுத மார்க்கரைத் திறந்தாள். அந்த வாசனை பட்டதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். நீ போன பிறகு சிங்கப்பூரில், இந்தப் பூன் லே வீட்டில் அந்த வாசனை வந்தது இதுதான் முதல் முறை.

ஜூரோங் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த நீ, லிட்டில் இந்தியாவில் ஒரு கூட்டத்தில் தமிழில் கணிதம் பேசப் போகிறேன் என்றாய். உன் அண்ணனே சிரித்தார். "தமிழ்ல மேத்ஸா? யாரு வருவா லா?" நீயோ ஒரு வாரம் சமைத்துக்கொண்டே பேசிப் பழகினாய்.

அன்று அரங்கம் பாதிதான் நிறைந்தது. 73939133 என்று பலகையில் பெரிதாக எழுதி, "இது ஒரு பகா எண்" என்றாய்.

"பிரைம் நம்பர்னே சொல்லுங்களேன்," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"பிரைம்னா என்னன்னு தனியா விளக்கணும் சார். பகா எண்ணுன்னா பகுக்க முடியாதது. பேரே சொல்லிடுது."

கடைசி இலக்கத்தை அழித்தாய். 7393913. அதுவும் பகா எண். இன்னொன்றை அழித்தாய். 739391. "இது?" என்று கேட்டாய். இரண்டு மூன்று பேர் "பகா!" என்றார்கள். 73939, 7393, 739, 73 என்று நீ அழிக்க அழிக்கக் குரல்கள் கூடின. ஏழு மட்டும் மிஞ்சியபோது அரங்கமே சொன்னது.

முன்வரிசைக்காரர் விடவில்லை. "வலப்பக்கம் இன்னொரு இலக்கம் சேர்த்தா?"

"எதைச் சேர்த்தாலும் பகுபட்டுடும் சார். இந்த மாதிரி எண்கள்ல இதுதான் ஆகப் பெரிசு."

முதலில் கைதட்டியவர் அவர்தான்.

வெளியே, சிராங்கூன் சாலை சிக்னலில், உன் பேச்சைக் கேட்டிருந்த ஓர் அம்மா, பூப்பையோடு வந்து உன்னை நிறுத்தினார். "ஏம்மா, ஒன்னுங்கிற எண்ணையும் பகுக்க முடியாதே. அப்ப அதுவும் பகா எண்தானே?"

உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "நல்ல கேள்விக்கா! பகா எண்ணை மீதியில்லாம வகுக்க ரெண்டே ரெண்டு எண் இருக்கணும். ஒன்னும், அந்த எண்ணும். ஒன்னுக்கு ஒன்னு மட்டும்தானே இருக்கு? அதனால அது சேராது."

பச்சை விளக்கு வந்து போனது. மறுபடியும் வந்து போனது. நீங்கள் இருவரும் நகரவில்லை. உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அப்போதுதான் அவர் கவனித்தார்.

"நீங்க யாரு தம்பி?"

"இவங்க வீட்டுக்காரர்," என்றேன்.

அலுவலகத்தில் எனக்குப் பெரிய பதவிப் பெயர் இருக்கிறது. ஆனாலும் யாராவது நீங்கள் யார் என்று கேட்டால், இன்றும் முதலில் வாயில் வருவது அந்தப் பதில்தான்.