ஆறு குடத்துக் கணக்கு

ஏலப்பாறை
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் சிவசங்கரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது கேட்டுக்கொண்டேன். பனி தொடங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, நொண்டிக்கொண்டே ஃபேக்டரிக்குப் போகிறார், லீவு போடச் சொன்னால் என்மேல் எரிந்து விழுகிறார். இரண்டு வாரமாக, நாம் பேசுகிற ஞாயிறு ஏழு மணிக்கு அம்மாவைக் காணோமே என்று நீ தேடியிருப்பாய். டவுனுக்குப் போய் வாட்ஸப்பில் இரண்டு வரி போட்டேன், மனம் ஆறவில்லை, அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

நம் எஸ்டேட் லயத்தில் வரிசையாக இருக்கிற ஆறு வீட்டுக்கும் ஒரே வைஃபை என்பது உனக்குத் தெரியும். மேலே ஈஸ்வரன் வீட்டுக்கு வந்து, அடுத்து சூசையப்பன் அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிற பெட்டி வழியாகத்தான் நம் வீட்டோடு சேர்த்துக் கீழே நான்கு வீட்டுக்கும் வருகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேசினால் இரண்டுமே நின்றுவிடும். அதனால் குழாயடி வழக்கத்தையே இதற்கும் வைத்தோம், குடம் வைத்தவருக்கு முறை, வைக்காதவருக்கு இல்லை. சூசையப்பன் அண்ணன் முறை கேட்டு வரவில்லை, அவருக்கு எதற்கு என்று அவர் நேரத்தையும் நாங்களே பிரித்துக்கொண்டோம். அதில் அரைமணி எனக்கும் வந்தது, உன்னிடம் மறைப்பானேன். போன மாதம் அவர் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டார். பக்கத்து வீட்டு ராமலட்சுமி போய்க் கேட்டதற்கு, “எம் பொட்டி மட்டும் வேணும், நான் வேண்டாமாக்கும்” என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். இரண்டு ஞாயிறு உன் முகம் பார்க்காமல் போயிற்று.

அப்போதுதான் உன் படிப்பு நினைவுக்கு வந்தது. ஒரே அலைவரிசையைப் பலபேர் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்வது பற்றி நீ சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்காதே அம்மா, ஒவ்வொருவராக எடுத்துப் பார், அவர் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் பார்த்துப் பங்கு வை, பிரிந்து போவதே மேல் என்று ஒருவருக்கும் தோன்றக் கூடாது என்றாய். குழாயடியில் வீட்டுக்கு ஒன்றாக ஆறு குடத்தை வைத்து அதையே சொன்னேன். ஈஸ்வரன் குடத்தை எடுத்தால் எல்லோருக்கும் போயிற்று. சூசையப்பன் அண்ணன் குடத்தை எடுத்தால் கீழே நான்கு வீட்டுக்கும் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை, உன் கணக்கு எங்கள் குழாயடியில் பாஸாகிவிட்டது என்று உன் சாரிடம் சொல். பிறகு ராமலட்சுமி நம் குடத்தை எடுத்தாள். யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. “ஒன்னைய எடுத்தா எங்களுக்கு நேரம் கூடத்தான் செய்யுது பூமாரி” என்று சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன்.

எல்லோருமாகப் போய், முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொன்னோம். அவர் கேட்டது ஞாயிறு ஏழு மணி ஒன்றுதான். அவர் மகள் குவைத்தில் வீட்டுவேலை பார்க்கிறாள் அல்லவா, அங்கே அவளிடம் போனைக் கொடுப்பதே அந்த ஒரு மணி நேரம்தானாம். நாம் பேசும்போது அவர் முகம் பார்க்காமல் குரல் மட்டும்தான் கேட்பாராம், அதுவும் விட்டுவிட்டுத்தான் வருமாம். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார். உனக்கும் அந்த நேரத்தை விட்டால் ஆகாது என்று தெரிந்தும் கொடுத்துவிட்டேன். “மாசக் கடைசி ஞாயிறு நீ எடுத்துக்க தாயீ” என்று சொல்லி வயரை மறுபடி மாட்டினார். இனி அது ஒன்றுதான் நமக்கு.

கொடுத்தது சரிதான். ஆனாலும் இன்றைக்கு ஆறரை மணிக்கே தலை சீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்துவிட்டேன், பழக்கம். அப்பா பார்த்துவிட்டு வெளியே போனார். உன்னை எடுத்துவிட்டால் இந்த வீட்டில் ஒரு ஆள் சோறு மிச்சம் என்றுதான் மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள், எனக்கு எவ்வளவு போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது சங்கரி.

இப்போது மணி ஏழு. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சத்தமாக, “சாப்ட்டியா தாயீ, மொகத்த நல்லாக் காட்டு” என்கிறார். நான் பேனாவை வைத்துவிட்டு இந்தப் பக்கம் அதையே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே. நினைத்த படிப்பை முடித்து நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. கடைசி ஞாயிறு ஏழு மணியை மறந்துவிடாதே. லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார், போன தடவை பாதி முகம்தான் தெரிந்தது.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா பூமாரி