நகர மறுத்த கால்கள்

ஜனவரி 9, 2024

பூங்காவில் நடக்கும் சிரிப்புச் சங்கத்திலிருந்து இன்று காலை என்னை நீக்கிவிட்டார்கள். தலைவர் குல்கர்ணி தனியே அழைத்து மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். எல்லோரும் கையைத் தூக்கி ஹாஹா என்று சிரிக்கும்போது நான் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவன்போல் நிற்கிறேனாம். எதிர் வரிசைப் பெண்களுக்குச் சிரிப்பு நின்றுபோகிறதாம்.

நான் உள்ளுக்குள் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். முகத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து வனஜாவிடம் சொன்னேன். "ஒரு வருஷமா அந்த மூஞ்சியத்தான நானும் பாக்கறேன். என்னை யாரு நீக்கறாங்க?" என்றாள்.

ஜனவரி 21

பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கரியாகிவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மராட்டிக்காரம்மா புகைநாற்றம் தாங்காமல் கதவை இடித்த பிறகுதான் தெரிந்தது. தாபோடி மார்க்கெட்டிலிருந்து திரும்பிய வனஜா, "மூக்க அடகு வச்சிட்டீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 3

மகள் கிருஷ்ணப்ரியா ஹிஞ்சவடியிலிருந்து வந்தாள். ஹாலில் என்னை நடக்கவிட்டுப் பார்த்தாள். "அப்பா, ரைட் ஹேண்ட் ஏன் ஆடல? சும்மா தொங்குது."

என்னோடு சேர்ந்து அதுவும் ரிடையர் ஆகிவிட்டது என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்துக்கு என்ன வந்தது? ஃபோனிலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

பிப்ரவரி 14

கேம்ப் ஏரியாவில் நரம்பு டாக்டர். இளவயதுப் பெண். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு காபித்தூளை முகரச் சொன்னார். எனக்கு அது வெறும் காற்று. பார்க்கின்சன் என்றார்.

"காதலர் தினத்துல இதுவா குடுக்கறது?" என்றாள் வனஜா. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

பிறகு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். போசரியில் உதிரிபாகத் தொழிற்சாலை, கழுவும் பிரிவு. எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் இரும்புத் துண்டுகளை ட்ரைக்ளோரோஎத்திலீன் தொட்டியில் முக்கி எடுப்போம். எங்கள் வாயில் அது ட்ரைக்ளோ. பளபளவென்று வரும், கையில் கிரீஸ் ஒட்டினாலும் அதில்தான் கழுவுவோம், வாசனைகூட இனிப்பாக இருக்கும் என்று பெருமையாகவே சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

என் ஒருவனுக்கு அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் அதைப் பல வருடம் சுவாசித்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். தலைகாட்டுவதற்கே பல வருடம் ஆகுமாம்.



பிப்ரவரி 15

எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 19

இஸ்மாயிலுக்கு ஃபோன் செய்தேன். ஆம்பூர்க்காரன், என்னோடு வேலை பார்த்தவன். இப்போது அந்தத் தொட்டிக்கு அவன்தான் பொறுப்பு. தொட்டியை மூடி வைக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மூடியா? அத ஓரமாப் போட்டு, அதும் மேலதான டிபன் வச்சித் துன்றோம்."

விஷயத்தைச் சொன்னேன். காபித்தூள் வாசம் தெரியாததையும் சொன்னேன். பிறகு, "எனக்குப் பிரியாணி வாசம் நல்லா வருதுடா. அப்ப நான் பாஸா?" என்றான். இருவரும் சிரித்தோம்.

எனக்கு வந்தது வந்துச்சு, போகட்டும். அவனுக்குமா? அங்க நிக்கற மத்தவனுக்குமா? — யாரும் சொல்லலியே. ட்ரைக்ளோ வர்ற பீப்பாயில மண்டையோட்டுப் படம் இருந்துச்சு. இருந்துச்சில்ல? அதுக்குக் குங்குமம் வச்சி, மாலை போட்டு, வருஷா வருஷம் தசராவுக்குப் பூசை பண்ணோம்.

மார்ச் 5

மாத்திரை வேலை செய்கிறது. காலையில் காபி குடிக்கும்போது என்னையறியாமல் புன்னகை வந்தது. வனஜா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பண்ணீங்க? சொல்லிடுங்க" என்றாள்.

மார்ச் 18

போசரி போனேன். இஸ்மாயில் கேட்டில் காத்திருந்து அழைத்துப்போனான். முதலாளியின் மகன்தான் இப்போது எல்லாம். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: அந்தத் தொட்டி வேண்டாம், சோப்புத் தண்ணீரில் கழுவும் மெஷின் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். நஷ்டஈடு கேட்க வந்தீர்களா என்றார். இல்லை என்றதும் முகம் தெளிந்து, "தேக்தே ஹைன்" என்றார். அந்தக் கம்பெனியில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். வணக்கம் சொல்லி எழுந்தேன்.

கதவுக்கிட்டே வந்ததும் கால் நின்றுவிட்டது. தரையில் பசை தடவிய மாதிரி. கிளம்பும் அவசரத்தில் மத்தியான மாத்திரையை மறந்திருந்தேன். போ என்கிறேன், கால் கேட்கவில்லை. இப்படி ஆவது இதுதான் முதல் தடவை. உள்ளே பயம். முகத்தில் அது எங்கே தெரியப்போகிறது?

இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமா என்று சின்ன முதலாளி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, கவனமெல்லாம் காலில். டீ கொண்டுவந்தவர் உள்ளே வர வழியில்லாமல் தட்டோடு நின்றார். இஸ்மாயிலுக்கும் ஒன்றும் புரியவில்லை. அவனாகவே இந்தியில், "முடிவு தெரியாம நகரமாட்டார் சார். அப்போலேர்ந்தே இப்படித்தான்" என்று எடுத்துவிட்டான்.

அவர் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். எனக்கும் ஆசைதான். நான் நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்து யாரையோ பிடித்தார். மெஷின் விவரம் கேட்டார், வந்து பார்க்கச் சொன்னார். அதுவரை தொட்டிக்கு இன்றைக்கே மூடி, ஆவியை இழுக்கும் மின்விசிறி என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் கால் தானாக விட்டுக்கொடுத்தது. வந்துவிட்டேன்.

"யப்பா, என்னா தில்லுடா உனக்கு," என்றான் இஸ்மாயில். உண்மையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தான்.

ஏப்ரல் 2

இஸ்மாயிலையும் அதே டாக்டரிடம் அழைத்துப்போனோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடாவருடம் வந்து காட்டவேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்றதைக் கொண்டாட எனக்கும் சேர்த்துக் கரும்புச்சாறு வாங்கினான். பாதி என் சட்டையில்.

ஜூலை 11

நல்ல மழை. வேலை முடிந்து இஸ்மாயில் நேராக இங்கே வந்தான், சண்டை போட. மெஷின் வந்ததிலிருந்து அவனுக்கு நிம்மதியே இல்லையாம்.

"கழுவு, அலசு, காய வை, துருப் புடிக்காம எண்ணெ தடவு. முன்ன மாதிரி முக்குனமா எடுத்தமான்னு இல்ல. எல்லாரும் உன்னதான் திட்றாங்க."

வனஜா தோசை வைத்தாள். திட்டிக்கொண்டே சாப்பிட்டான். பழைய தொட்டி என்ன ஆனது என்று கேட்டேன். லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது என்றான். மறுபடி தட்டை நீட்டினான்.

"இன்னொன்னு தெரியுமா? சாயங்காலமானா பசிக்குதுடா. முன்னெல்லாம் வீட்டுக்குப் போனா தலவலி, கொமட்டல், அப்படியே படுத்துருவேன். இப்ப ரொட்டி பத்தலன்னு வீட்ல தெனம் சண்ட. என்னான்னே புரியல."

எனக்கும் அந்த வருடங்களில் சாயங்காலம் பசித்ததே இல்லை. வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். வனஜா என்னைப் பார்த்தாள், அவளுக்கும் நினைவிருக்கிறது. எழுந்துபோய் மறுபடி மாவைக் கரைத்தாள்.