தனிச் சிப் இல்லாத மாடல்

நவ. 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. மாடியில் காயப்போட்டது எல்லாம் மறுபடி நனைந்து, இப்போது ஹாலில் கொடி கட்டி ஃபேனுக்குக் கீழே. வீடு முழுக்க ஈரத்துணி வாசனை.

லேப்டாப் இன்றைக்கு இரண்டு தடவை அணைந்துவிட்டது. நான் எடிட் பண்ணும் திருநின்றவூர் கல்யாண வீடியோ, முகூர்த்தம் பாகம். முடித்ததை ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ண, முக்கால்வாசி போனதும் கறுப்புத் திரை. அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சூடு. எட்டு வருஷ மெஷின். பேட்டரி செத்து இரண்டு வருஷம். ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி உயிர் போய்விடும்.

மூன்று மணிக்கு ச. வந்தார். ‘வந்தார்’ என்றுதான் கை எழுதுகிறது. அவர் இருப்பது வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள். வந்தது லேப்டாப்பில் நாங்கள் ஆடும் விளையாட்டுக்குள். ஒரு தீவு, நாங்கள் இரண்டு பேர் மட்டும். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், வீடு கட்டலாம். ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை, காதில் ஹெட்போன்.

எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். ஒரே வீட்டில் இருந்தது நாலு மாதம். அப்புறம் அவர் ஃபேக்டரியில் மாற்றல். ஆறு மாதம் என்றார்கள். இப்போது பதினாலு. நான் ஆவடியில் அம்மாவோடு.

போனில் பேசினால் இரண்டு பேருக்கும் ‘சாப்டாச்சா’வுக்கு மேல் வராது. விளையாட்டில் பலகை அடித்துக்கொண்டே இருக்கும்போது என்னென்னவோ சொல்வார். இன்றைக்கு, எட்டாம் வகுப்பில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டு மார்க் அட்டை கொடுத்த கதை. நான் சிரித்த சிரிப்பில் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

நடுவில் என் திரை உறைந்துவிட்டது. அவர் குரல் மட்டும்.

“அகிலா, இருக்கியா? அசையாம நிக்கிறே.”

“சூடாயிடுச்சுங்க.”

“புதுசு வாங்கிடு. சின்னதா வாங்கு. அதைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நாள் அலைவே.”

நவ. 10, திங்கள்

ஸ்டுடியோவுக்கு, பூந்தமல்லி. பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையில் லேப்டாப், சார்ஜர், இரண்டு ஹார்ட் டிஸ்க். தோளில் பட்டை பதிந்த தடம் இன்னும் போகவில்லை. மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் வண்டி நின்றது நின்றபடி. பின்னால் ஒருத்தர் போனில்: “பஸ்லதான் கீறேன் மாமே. தூணை எண்ணிக்கினு கீறேன்.”

ஸ்டுடியோக்காரர் மோகன் அண்ணன் புது கேமரா வாங்கியிருக்கிறார். அந்த ஃபைல் என் லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடுகிறது. மாலை மாற்றும்போது மாப்பிள்ளை கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“இந்த டப்பாவை வெச்சுக்கிட்டு தை மாச முகூர்த்தத்தை எல்லாம் எப்படிம்மா முடிப்பே?” என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே கவலை.

வாங்க வேண்டியது: ஒயர் டேப், அம்மா மாத்திரை, இஞ்சி.

எங்கள் கல்யாண வீடியோ இன்னும் எடிட் பண்ணவில்லை. ஊரார் கல்யாணத்துக்கே நேரம் சரியாக இருக்கிறது.

நவ. 12, புதன்

அம்பத்தூர். குமார் அண்ணன் கடை. இந்த லேப்டாப்பை மூன்று தடவை பிழைக்க வைத்தவர். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது போய்ட்ச்சும்மா. இன்னும் எத்தினி நாளுக்கு ஆக்சிஜன் வெச்சிகினு இருப்பே?”

சின்னதாக ஒன்றுதான் எனக்குப் பிடித்தது, பதினாலு இஞ்ச். ஆனால் அதிலேயே இரண்டு. போன வருஷ மாடல் ஒன்று, இப்போது வந்தது ஒன்று. பார்த்தால் இரட்டைப் பிள்ளை. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

போன வருஷத்தது:
– கிராஃபிக்ஸுக்குத் தனிச் சிப்
– விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடும்
– வேலை செய்தால் சூடு, ஃபேன் சத்தம்
– பேட்டரி மூன்று மணி நேரம் தாண்டாது
– சார்ஜர் செங்கல் சைஸ்

புதுசு:
– பிராசஸர் நல்ல வேகம்
– தனிச் சிப்பை எடுத்துவிட்டார்கள்
– எடை குறைவு. பேட்டரி ஒரு பகல் நிற்குமாம்
– ரேம் அப்புறம் ஏற்ற முடியாது, இப்போதே பெரிதாக எடுக்க வேண்டும்

“கிராஃபிக்ஸை பிராசஸர் உள்ளாறயே வெச்சிட்டான்மா. வீடியோ வேலைக்கு இதான். கேம் ஆட்றவங்கோ அதை எடுப்பாங்கோ. நீ இன்னா, கேம் ஆடுவியா?”

“இல்லைண்ணா” என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

பென் டிரைவில் கொண்டுபோன புது கேமரா ஃபைலை இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். பழைய மாடலில் திக்கியது. தனிச் சிப் இருந்தும் இந்த வகை ஃபைலை அதற்குப் பிரிக்கத் தெரியவில்லையாம். புதுசில் தண்ணீர் மாதிரி ஓடியது. வீடியோ மேல் வீடியோவாக மூன்று அடுக்கு போட்டும் ஓடியது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நவ. 14, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

வாரத்தில் ஆறு நாள் வேலை. விளையாட்டு இரண்டு மணி நேரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது. இதையும் யாரிடமும் சொல்ல முடியாது.

இன்றைக்கு எடிட்டில், அக்கினியைச் சுற்றும்போது மாப்பிள்ளை பெண்ணின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு போகிறான். அந்த ஷாட்டை நாலு விநாடி கூடுதலாக விட்டேன். அப்புறம் அவர் கை ஞாபகம். கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டு. வலதா, இடதா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போட்டோவில் தேடினேன். எல்லாப் போட்டோவிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

கேட்கலாம். கேட்டால் அழுதுவிடுவேன்.

நவ. 16, ஞாயிறு

மூன்று மணி. தீவில் கூரை வேலை. அவர் பலகை கொடுக்க, நான் மேலே ஏறி அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு சொல்லணும்” என்றார். “இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கணும்னு சொல்லிட்டாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“போன மாசம்.”

நான் பலகையைக் கையில் வைத்தபடி நின்றேன்.

“குவார்ட்டர்ஸ்கூட குடுத்திருக்காங்க. ரெண்டு ரூம்.”

“அது எப்ப?”

“ஆகஸ்ட்ல.”

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். விரல் விட்டு எண்ணினேன்.

“ஏங்க என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா உன்னை வரச் சொல்ற மாதிரி ஆயிடும். நீ கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட வேலை. அதை விட்டுட்டு வான்னு எந்த வாயால கேக்கறது?”

“நீங்க ஒரு தடவைகூட கூப்பிடலையேன்னு நான் இங்க...”

அதோடு திரை கறுத்தது. சூடு. சனியன். நான் சொன்னதில் எவ்வளவு அவருக்குக் கேட்டது என்று தெரியவில்லை. போன் அடித்தது. எடுத்தேன்.

“கேட்டுது” என்றார். அப்புறம், “சாப்டியா?”

நவ. 17, திங்கள்

தலைவலி. அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“போயேன்.”

“வேலை?”

“அந்தப் பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போ.”

“ஒயர் இல்லாம ஓடாதும்மா. அவர் ஊர்ல தினம் ரெண்டு மணி நேரம் கரண்ட் போகுமாம்.”

“அப்ப ஒயர் இல்லாம ஓடுறதா வாங்கு. அதுக்குத்தானே அம்பத்தூருக்குப் போய்ப் பாத்துட்டு வந்தே?”

அதற்கா போனேன்? இத்தனை நாளும் எதில் அவரைப் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிளம்பிப் போவதற்கு எது வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“நீ தனியா இருப்பியா?” என்றேன்.

“நீ கல்யாணமாகிப் போனப்ப இருந்தேன்ல. நாலு மாசம். நல்லாத்தான் இருந்தேன்.” நாரைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

நவ. 18, செவ்வாய்

வீட்டுக்காரர் ஊரிலிருந்தே எடிட் பண்ணி அனுப்புகிறேன் என்று மோகன் அண்ணனிடம் பேசினேன். டீ வரும்வரை தைரியம் வரவில்லை.

“அங்கேருந்தா?” என்றார். “கஸ்டமர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ‘எங்க சித்தப்பாவைக் காணோம்’னு கேப்பாங்களே, அதுக்கு யாரும்மா பதில் சொல்றது?”

“வீடியோ கால்ல கேக்கட்டும்ணா. சித்தப்பாவைத் தேடிப் போட்டுர்றேன்.”

“ஃபைல் எப்படி வரும்?”

“டிஸ்க்கை கூரியர் பண்ணுங்க. கஸ்டமர் பாத்து ஓகே பண்ற ப்ரூஃபை நான் சின்ன சைஸ்ல நெட்ல அனுப்பறேன்.”

ரொம்ப நேரம் டீ கிளாஸையே சுழற்றிக்கொண்டிருந்தார். “ஒரு கல்யாணம் குடுக்கறேன். சொன்ன தேதிக்கு வந்துச்சுன்னா பாப்போம். வரலைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும். தப்பா நினைக்காதே.”

தப்பே இல்லை. அவர் தொழில். ஆனால் பஸ்ஸில் வரும்போது அதே யோசனைதான். இந்த வேலையும் போய், அங்கே போய் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தால்?

நவ. 20, வியாழன்

வாங்கிவிட்டேன். புது மாடல். ரேம் பெரிது.

“தனிச் சிப்பு வாணாமா?” குமார் அண்ணன் இன்னொரு தடவை கேட்டார்.

“வாணாம்ணா.”

சொல்லிவிட்டு போன வருஷ மாடலை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு சிப்புக்காக இவ்வளவு.

வரும்போது பை தோளில் இருப்பதே தெரியவில்லை. இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

முகூர்த்தம் பாகம் எக்ஸ்போர்ட்: பழையதில் ஒரு மணி பத்து நிமிஷம், அதுவும் அணையாமல் இருந்தால். இதில் பதினாறு நிமிஷம். நான் வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் ஆகிவிட்டது.

நவ. 23, ஞாயிறு

புதுசில் தீவு. படத்தின் தரம் எல்லாவற்றையும் கீழ்மட்டத்தில் வைத்தால்தான் ஓடுகிறது. கடல் சிமெண்ட் தரை மாதிரி. நிழலே இல்லை. தூரத்து மலை காணாமல் போய்விட்டது.

“எப்படித் தெரியுது?” என்றார்.

“உங்க மூஞ்சி சப்பையா இருக்கு.”

“அது மெஷின் கோளாறு இல்லை.”

சிரித்து முடித்ததும் சொன்னேன். டிக்கெட் போட்டாச்சு. டிச. 3 காலை கிளம்புகிறேன். மறுநாள் சாயங்காலம் அங்கே.

திரையில் அவர் ஆள் மரத்தை வெட்டிக்கொண்டே இருந்தது. மரம் விழுந்தது. அப்புறமும் வெற்றிடத்தில் கோடாலி ஏறி ஏறி இறங்கியது.

“ஏங்க?”

“இங்க குளிரும்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “ஸ்வெட்டர் வெச்சிருக்கியா?”

“இல்லை.”

“வாங்காதே. என்கிட்ட ரெண்டு இருக்கு.”

டிச. 3, புதன்

சென்ட்ரல் வரை அம்மாவும் வந்தாள். வண்டி கிளம்பும் வரை தண்ணீர் பாட்டில் மூடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். சரியாக மூடு, மெஷின் மேல் கொட்டிவிடப் போகிறது. வேறு எதுவும் சொல்லவில்லை.

சைடு அப்பர். சார்ஜ் போடும் இடம் வேலை செய்யவில்லை. மடியில் வைத்து வேலை. மோகன் அண்ணன் கொடுத்த கல்யாணம், வானகரம் மண்டபம். காலையிலிருந்து ஐந்து மணி நேரம். பேட்டரி இன்னும் பாதி. எதிர் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “உன் கல்யாணமா?” என்றாள். இல்லை என்றதும் சுவாரசியம் போய்த் திரும்பிக்கொண்டாள்.

நெல்லூர் தாண்டி இரண்டு மணி நேரம் ஆச்சு.

டிச. 6, சனி

பனி மூட்டம். பதினோரு மணிக்குத்தான் வெயில்.

முந்தாநாள் ஸ்டேஷனில் அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருக்கிறார், மீசை வேறு. ஆட்டோவில் பைதான் எங்களுக்கு நடுவில். வீடு சுத்தமாக இருந்தது, ஆகஸ்டிலிருந்தே யாரோ வருவதற்குக் காத்திருந்த மாதிரி. சமையலறையில் எல்லாம் இரண்டு இரண்டு. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

ராத்திரி, மறுநாள் பகல், வார்த்தை எண்ணி எண்ணித்தான். பயந்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் மார்க்கெட்டில் பச்சைப் பட்டாணி வாங்கி வந்து, கீழே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தோம். அரை கிலோ முடிவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு ஒரு கிலோ வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று மதியம் ப்ரூஃப் அனுப்பினேன், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே. மோகன் அண்ணன் பதில்: “ஓகே. அடுத்த டிஸ்க் திங்கள் கூரியர்ல போடறேன். அட்ரஸ் அனுப்பு.”

அட்ரஸ் எனக்கு மனப்பாடம் இல்லை. வாசலில் போய் நம்பரைப் பார்த்து எழுதி அனுப்பினேன். என் பெயருக்குக் கீழே முதல் தடவையாக இந்த முகவரி.

இரண்டு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. லேப்டாப் அது பாட்டுக்கு ஓடுகிறது. அவர் ஷிஃப்ட் ஐந்து வரை. இப்போது ஐந்து பத்து. வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். அவர்தான். மூடி வைக்கிறேன்.