எங்கள் துறை செய்தது

பாபநாசத்தில் உன் சாவுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டுத் திரும்பும்போது, பேருந்தில் இருக்கைக்கு அடியில் கையை வைத்தேன். எவனோ மென்று ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம் விரலில் ஒட்டிக்கொண்டது. இன்னும் காயவில்லை. புதினா வாடையும் எச்சில் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. கைக்குட்டையால் தேய்த்தேன், நூல் நூலாக இழுபட்டதே தவிர விரலை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகளும் வந்து இறங்கியபோதும் இதே வாடைதான். தொண்ணூற்றெட்டாம் வருடம். நம் கல்லூரித் தாளாளர் வாசலில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, கணினி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல வருடம் தட்டித் தேய்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட கணினிகள் அவை. அங்கே குப்பைக்குப் போக வேண்டியதை இங்கே தேங்காய் உடைத்து வாங்கிக்கொண்டோம். விசைப்பலகைகளைத் திருப்பிப் பார்த்தால் அடியிலும் இடுக்கிலும் காய்ந்துபோன சூயிங்கம். ஒன்றில் பல் பதிந்த தடம்கூட இருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

"என்னட்டி, பச்சப்புள்ளைக எச்சில்தான. இதுக்கா இந்த ஓட்டம் ஓடுத?" என்று சொல்லிவிட்டு, நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டினாய். அரை பிளேடை உன் கையில் கொடுத்தது நான்தான். ஏன் உன் கையில் கொடுத்தேன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. நீ சுரண்டுவாய், நான் தள்ளி நிற்பேன் என்பது ஏதோ பாடத்திட்டத்தில் எழுதியிருந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அந்த நினைப்புதான் சூயிங்கத்தைவிட நாறுகிறது.

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் பி.எஸ்ஸி. படித்தவர்கள் நாம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த நீதான் எல்லாப் பரீட்சையிலும் முதல். உன் தாளைப் பார்த்து எழுதியாவது இரண்டாவதாக வந்தவள் நான். தச்சநல்லூரில் எங்கள் அப்பாவுக்கு மிச்சமிருந்த வயலில் ஒரு துண்டு விற்று என்னை மேலே படிக்க வைத்தார்கள். உனக்கு விற்க எதுவும் இல்லை. அதனால் நான் விரிவுரையாளர் ஆனேன், நீ ஆய்வக உதவியாளர் ஆனாய். ஆட்கள் இருக்கும்போது 'மேடம்' என்பாய். ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டால் 'ஏட்டி'.

உன் வேலை தற்காலிகம். வருடா வருடம் தாளாளர் வீட்டு வாசலில் நின்று நீட்டித்துக்கொள்ள வேண்டும். பெட்டிகள் வந்த அன்று அவர் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். "இந்த மிஷினு பன்னெண்டும் நம்ம புள்ளைகளுக்குப் பாடம் நடத்துத மாதிரி ஓடிட்டுன்னா, அந்தப் புள்ளய நிரந்தரமாக்கிருவோம்." அன்று மதியம் சாப்பிடும்போது நீ என்னிடம் சொன்னாய்: "நிரந்தரம் ஆயிட்டுன்னா மொத வேலையா அம்மைய மலைலேருந்து எறக்கிரணும்ட்டி. கொழுந்து பறிச்சிட்டு வந்து காலக் காட்டுவா பாரு, அட்டை கடிச்ச தடமா இருக்கும். எண்ண முடியாது." எனக்கு அப்போதும் அருவருப்பாகத்தான் இருந்தது. சாப்பிடும் நேரத்தில் அட்டையைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தக் கணினிகளுக்குள் இருந்தது ஆர்ம் என்கிற வேறு வகைச் சில்லு. நம்மிடம் இருந்த பாடத்துக்கான மென்பொருள் ஒன்றும் அதில் ஓடாது. அவை எல்லாம் இன்டெல்லுக்கு எழுதியவை. உலகம் முழுக்க முகம் தெரியாதவர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருந்த இயங்குதளத்தை உன் சீனியர் ஒருத்தி பெங்களூரிலிருந்து குறுந்தகட்டில் தபாலில் அனுப்பினாள். அதை ஆர்மில் ஓடவைக்கும் வேலையில் வெளிநாட்டில் சிலர் பாதி தூரம் போயிருந்தார்கள். ஆனால் நம் பெட்டிகளின் வட்டை, அதாவது டிஸ்க்கைப் படிக்கும் பகுதியை எவரும் எழுதியிருக்கவில்லை. இன்டெல்லுக்கு இருந்ததை எடுத்து நீ மாற்ற ஆரம்பித்தாய். ஆய்வகத்தில் இருந்த ஒரே இன்டெல் கணினியில் எழுதியதை மிஷின் மொழிக்குக் கம்பைல் செய்வாய், ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டுப் பார்ப்பாய், திரும்பி வருவாய். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. நான் பாடம் நடத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்று கேட்பேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஒருவழியாக ஓடியது. ஆனால் கோப்புகளின் பெயர்கள் கன்னாபின்னாவென்று குழம்பி வந்தன. பிழை என்று திரையில் எந்தச் செய்தியும் இல்லை. மூன்று வாரம் நீ சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் கரும்பலகையில் அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதி எனக்குக் காட்டினாய். இந்தச் சில்லு நினைவகத்திலிருந்து நாலு நாலு எழுத்தாகக் கட்டம் கட்டித்தான் எடுக்கும்: அ, ஆ, இ, ஈ ஒரு கட்டம், உ அடுத்த கட்டம். இரண்டாவது எழுத்திலிருந்து நாலு கேட்டால் ஆ, இ, ஈ, உ என்று வர வேண்டும். இன்டெல் பக்கத்துக் கட்டத்துக்கும் போய் எடுத்து வந்து கொடுத்துவிடும். இது போகாது. தன்னிடம் இருக்கிற அ-வையே சுற்றிக் கடைசியில் ஒட்டி, ஆ, இ, ஈ, அ என்று நீட்டிவிடும்.

"கேட்டதக் குடுக்க முடியலன்னா முடியலன்னு சொல்லணும்லா?" என்று பலகையைத் தட்டினாய். "கத்திக்கிட்டு நிக்குத மிஷின சரி பண்ணிரலாம்ட்டி. சத்தமே போடாம தப்பா குடுக்கதுதான் கேடு."

இன்டெல்லை நம்பி அப்படி எழுதியிருந்த இடங்களை எல்லாம் தேடித் தேடி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கிற மாதிரி மாற்றினாய். அடுத்த வாரம் பன்னிரண்டும் ஓடின. நீ அன்று ஒரு முழு தோசை சாப்பிட்டாய், என் தட்டிலிருந்து இன்னொன்றும்.

பெட்டிகளை அனுப்பிய வெள்ளைக்காரத் தம்பதி பார்க்க வந்த நாளைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்தப் பெரியவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, நமக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார்: இதை யார் செய்தது? கேள்வி என்னைப் பார்த்து வந்தது. பட்டுப்புடவையோடு முன்வரிசையில் நின்றவள் நான்தானே. நீ சுவரோரம் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நின்றாய். உன் பெயர் மூன்றெழுத்து. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தாளாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "எங்கள் துறை செய்தது."

பொய் இல்லை, பார். நீயும் துறையில்தானே இருந்தாய். அந்தச் சில்லு மாதிரி, என்னிடம் இருந்ததைச் சுற்றிக் கடைசியில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

தாளாளர் துறையின் சார்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த வெள்ளைக்கார அம்மாள் ஒரு விசைப்பலகையைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மூலையில் ஒரு துணுக்கு சூயிங்கம் தப்பியிருந்தது. அவர்கள் நாட்டுப் பிள்ளையின் எச்சில்தான். ஆனால் முகம் சுளித்தது நம்மைப் பார்த்து. தாளாளர் உன் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, இங்கன வா. இதச் சொரண்டு" என்றார். நீ வந்தாய். குனிந்தாய். சுரண்டினாய். நான் பொன்னாடையோடு பக்கத்தில் நின்றேன். அப்போது எடுத்த போட்டோ இன்னும் கல்லூரி முதல்வர் அறையில் மாட்டியிருக்கிறது. அதில் உன் முதுகு மட்டும் தெரிகிறது.

ஒரு மாதம் கழித்து நிரந்தரப் பணி தாளாளரின் மைத்துனர் மகளுக்குப் போனது. நான் போய்க் கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்காமல் இல்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்கதானம்மா சொன்னிய, துறையே செஞ்சதுன்னு. அந்தப் புள்ள தனியா என்ன செஞ்சிட்டு?" என் வாய் வார்த்தையை எடுத்து என் வாயிலேயே அடைத்தார். நான் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நீ செய்த திருத்தங்களை அந்த இயங்குதளத்தை எழுதுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பியதும் நான்தான். கல்லூரியின் ஒரே மின்னஞ்சல் என் பொறுப்பில் இருந்தது. யார் பெயரைக் குறிக்கட்டும் என்று கேட்டார்கள். ஒரு தடவை சொன்னதை மாற்றினால் அசிங்கம் என்று அங்கேயும் துறையின் பெயரையே கொடுத்தேன். உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியிருந்தால் நான் சரியாகியிருப்பேனோ என்னவோ. இதுவும் உன் மேல் பழியைப் போடுகிற வேலைதான், விடு.

உன் தற்காலிக வேலை முடிந்த கடைசி நாள் ஆய்வகச் சாவியைக் கொடுக்க வந்தாய். கதவு சாத்தியிருந்தது. நாம் இரண்டு பேர்தான். "பன்னெண்டு கீபோர்டும் சுத்தமா இருக்கு, மேடம்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ அம்பாசமுத்திரத்தில் ஒரு கணினி மையத்தில் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் சி மொழியும் சொல்லிக்கொடுத்தாய் என்று யார் மூலமோ கேள்விப்பட்டேன். நான் துறைத்தலைவி ஆனேன். நாலு வருடத்துக்கு முன், திடீரென்று ரோஷம் வந்தவள் போல அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன்: அது துறை செய்ததில்லை, ஒரு பெண் செய்தது, பெயரைத் திருத்துங்கள் என்று. மரியாதையாகப் பதில் வந்தது. அந்தப் பழைய பெட்டியை இப்போது எவரும் பயன்படுத்துவதில்லை என்பதால் அதற்கான பகுதியையே எடுத்துவிட்டார்களாம். திருத்த அங்கே வரி இல்லையாம். படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. சீ.

இன்று காலை உன் தம்பி வீட்டில் உன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். பாயில் பக்கத்தில் உட்கார வைத்து, வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்களும் அவளும் சேந்துதான அந்த வெள்ளக்கார மிஷின ஓட வச்சிய?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். "ஆமாம்மா, ரெண்டு பேரும்தான்." நீ செத்து மூன்றாம் நாள், உங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டு பாதியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

பிறகு பேருந்து, பிறகு விரலில் இந்த எச்சில். கல்லிடைக்குறிச்சி வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை. "டிக்கெட்டு திருநவேலிக்குலா எடுத்திருக்கிய?" என்று நடத்துநர் கேட்டார். இறங்கி, எதிரே வந்த பாபநாசம் பேருந்தில் ஏறினேன்.

கூட்டம் போய்விட்டிருந்தது. உன் அம்மா அதே பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "அம்மா, அது அவ ஒருத்தியாச் செஞ்சது. நான் ஒண்ணும் செய்யல. யாரு செஞ்சான்னு கேட்டப்ப அவ பேரச் சொல்லாம வுட்டுட்டேன். அதனாலதான் அவளுக்கு வேல கெடைக்கல."

"தெரியும்" என்றார்.

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அவ அப்பமே சொல்லிட்டா. காலைல நீங்களாச் சொல்லுவியளான்னுதான் கேட்டேன்." குரலில் கோபம் இல்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். "அதுக்கு அப்புறம் பதினெட்டு வருசம் மலைலதான் கெடந்தேன். சரி, கடைசி பஸ்ஸு போயிரும். பையப் போங்க."

நீட்டியிருந்த அந்தக் கால்களை அப்போதுதான் பார்த்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை புள்ளி புள்ளியாகக் கறுத்த தடம். நீ அன்று சொன்னபடி, எண்ண முடியாது. கையைக் கழுவக் கொஞ்சம் தண்ணீர் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். கேட்காமலே எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டதும் விரலில் ஒட்டியிருந்தது போய்விட்டது. நான் சொன்னது மூன்றே சொல். அதற்கு உன் அம்மாவின் காலில் பதினெட்டு வருடத் தடம். கண்ணை மூடினால் அந்தக் கால்தான் தெரிகிறது.