இடப்பக்கத்து வெளுப்பு

ஜூன் 11, செவ்வாய்

திருநகர் மண்டபம். நாளைக் கல்யாணத்துக்கு மூன்று புரொஜெக்டர். மேனேஜர் அம்மா, “ஒரு படத்துக்கு எதுக்கும்மா மூணு மெசினு?” என்றார். மேடை அகலத்துக்கு ஒன்று பத்தாது, மூன்று படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒன்றாகக் காட்டுவோம் என்றேன். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டு வெளிச்சமும் சேர்ந்து வெளுத்துவிடும். கோட்டோடு கோடு பொருத்துவது என் வேலை. அந்த வெளுப்பை மங்கவைத்து, இணைப்பே தெரியாமல் ஆக்குவது என் வீட்டுக்காரர் வேலை. கல்யாணமானதிலிருந்து இப்படித்தான் பிழைப்பு.

இன்று “முடிஞ்சிருச்சு செல்வி” என்று டீ குடிக்கப் போனார். இடப்பக்க இணைப்பில் ஒரு கை அகலத்துக்கு வெளுப்பு, அப்படியே நிற்கிறது. விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அவர் திரும்பி வருவதற்குள் நானே சரிசெய்துவிட்டேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

ஜூன் 12

கல்யாணம் முடிந்ததும் இவர், “மூணு படம்னு ஒரு பயலுக்குத் தெரியலயே, பாத்தியா” என்றார். பார்த்தேன் என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

பழங்காநத்தம் பக்கம், நின்றுகொண்டிருந்த ஆட்டோவில் இவர் ஓட்டிய வண்டியின் இடது ஹேண்டில் உரசிவிட்டது. “எங்கிட்டிருந்து வந்தான் இவன்?” என்கிறார். அது வரவில்லை. நின்றது.

கண்ணைக் காட்டலாமா என்று கேட்டேன். “எனக்கென்ன, கெழவனா?” என்றார்.

ஜூலை 5, வெள்ளி

சோழவந்தான். வெங்கடசுப்பிரமணியன் சார் கட்டியிருக்கும் புது அரங்கம். வளைந்த சுவர், ஐந்து புரொஜெக்டர், சுவர் முழுக்க வைகை ஓடவேண்டும். நாங்கள் எடுத்ததிலேயே பெரிய வேலை.

மத்தியானம் இவர் சாப்பிடப் போனதும், காலையில் அவர் போட்ட இணைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பர்ஸை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எடுக்க வந்தவர் என் பின்னால் நிற்கிறார்.

“என்ன பண்ற?”

“சும்மாதாங்க.”

அவர் சுவரைப் பார்க்கவில்லை. லேப்டாப்பில் இருந்த எண்களைப் பார்த்தார். “நான் வச்சது இதில்லயே. எம்புட்டு நாளா இப்பிடி?”

லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவர்ப்பக்கம் போய்க் கையை வைத்தார். “அப்ப இங்க கோடு இருக்கா? இங்கயா?”

வெறும் ஆற்றுத்தண்ணியில் வைத்திருந்தார் கையை. நான் போய் அவர் கையைப் பிடித்துத் தள்ளி வைத்தேன். இங்க.

வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. அவர் முதுகிலும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 8, திங்கள்

கண்ணாஸ்பத்திரி. காலையில் போய் சாயங்காலம்தான் வெளியே வந்தோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போயிருக்கிறதாம். வருடக்கணக்காக, வலியே இல்லாமல். பார்வையில் விழுந்த ஓட்டையை மூளையே நிரப்பிக் காட்டுமாம், அதனால் ஆளுக்குத் தெரியாதாம். இரண்டு கண்ணிலும், இடது ரொம்ப. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டுமருந்து என்றார் டாக்டரம்மா. நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது இவராகப் பேசினார். “ஒரு பெட்டிக்குள்ள பாக்கச் சொன்னாங்க செல்வி. பொட்டுப் பொட்டா வெளிச்சம் வரும், வந்தா பட்டன அமுக்குன்னாங்க. ரொம்ப நேரம் வரவே இல்ல. மெசின் ரிப்பேர் போலன்னு உக்காந்திருந்தேன்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 9

மருந்து விட்டேன். விட்ட பிறகும் கண்ணைத் திறக்காமலேயே படுத்திருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

இவரிடமே கேட்டுவிட்டேன். திருநகரிலேயே சொல்லியிருக்கணுமோ?

“சொல்லிருந்தா கோவப்பட்டிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். அதோட போயிருக்கும்.” அப்புறம், “நீ எனக்குத் தெரியாம பின்னாடியே வந்து தொடச்சுருக்க பாரு… அதத்தான் தாங்க முடியல.”

ஒரு மாதம் முந்தி வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். கண்ணுக்கு இல்லை. சரி. மனுசனுக்கு?

ஜூலை 28, ஞாயிறு

சோழவந்தான் திறப்புவிழா. இவர் வரவில்லை, தலைவலி என்றார். வெங்கடசுப்பிரமணியன் சார், “அருள்பாண்டி எங்கம்மா? அஞ்சு படம்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க” என்று அவருக்கென்று வாங்கிய பொன்னாடையை என் கையில் கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். தடவிப் பார்த்தார். “நல்ல துணி” என்றார். பிறகு அதை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆகஸ்ட் 17

வண்டியை விற்றாயிற்று. சாவியைக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் சமைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் போனில். பேரையூர்ப் பக்கம் கல்யாணம், நாலு புரொஜெக்டர் கேட்கிறார்கள் போல. வழக்கமாக ரேட் பேசுவார், தேதி பேசுவார். இன்று எல்லாம் கேட்டுக்கொண்டு,

“அண்ணே, வேலையெல்லாம் இப்ப எங்க வீட்டம்மாதான் பாக்குறாங்க. தாமரைச்செல்வின்னு. நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க” என்றார்.

என் நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“ஆமாண்ணே, நானும் வருவேன். தொணைக்கு.”

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.